டைவ் முடிச்சுட்டு பீர், மறுநாள் தோள் வலி: ஹேங்ஓவரா, பெண்ட்ஸா?

கேள்வி: டாக்டர் சார், வயசு 32, சென்னையில ஐடி வேலை. போன பிப்ரவரில ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரு அந்தமான் ஹேவ்லாக் போய் ஸ்கூபா ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடிச்சோம். ரெண்டு நாள்ல நாலு டைவ், மூணாவது நாள் காலையில 18 மீட்டர் வரைக்கும் ரெண்டு ஃபன் டைவ். பதினொன்றரைக்கு கடைசி டைவ் முடிஞ்சுது, பன்னெண்டரைக்கு பீர் ஆரம்பிச்சோம், சாயங்காலம் ரம்முக்கு மாறிட்டோம், எங்க இன்ஸ்ட்ரக்டரும் கூட உக்காந்தார், "பீர் தண்ணிதானே, டிஹைட்ரேஷனுக்கு நல்லது"ன்னார். மறுநாள் காலையில தலைவலி, உடம்பெல்லாம் அசதி, வலது தோள்ல உள்ளுக்குள்ள ஒரு வலி, அந்தப் பக்கம் ரெண்டு விரல்ல மரமரப்பு. ஹேங்ஓவர், கூடவே டேங்க் தூக்கினதுன்னு நெனச்சு வலி மாத்திரை போட்டுட்டு மத்தியானம் ரெண்டரை ஃப்ளைட்ல கெளம்பிட்டேன். ஃப்ளைட்ல வலி கொஞ்சம் கூடின மாதிரி இருந்துச்சு, மரமரப்பு ரெண்டு நாள் இருந்துட்டு தானா போயிடுச்சு. இப்ப ஒண்ணுமில்ல. இது பெண்ட்ஸா இருந்திருக்குமா? டைவ் முடிஞ்சு எவ்வளவு நேரம் கழிச்சு குடிக்கலாம்? டிசம்பர்ல தாய்லாந்து கோ தாவ் போறோம், அங்க டைவ் பண்ணலாமா?

பதில்: தம்பி, மொத கேள்விக்கே மொதல்ல வந்துடறேன். இருந்திருக்கலாம். நல்லாவே இருந்திருக்கலாம். மாசக்கணக்குல ஆனப்புறம் இங்க உக்காந்துட்டு "ஆமா அதுதான்"னு முத்திரை குத்த என்னால முடியாது, யாராலயும் முடியாது, ஆனா மூணு நாள்ல ஆறு டைவ் அடிச்ச ஒருத்தருக்கு மறுநாள் தோள்ல ஆழமா வலி, அதே கை விரல்ல மரமரப்புன்னா, வேற காரணம் உறுதியாகுற வரைக்கும் அதை டிகம்ப்ரெஷன் சிக்னஸ்னுதான் (சுருக்கமா டிசிஎஸ், நீங்க கேட்ட பெண்ட்ஸ் இதுதான், ஆழத்துல உடம்புல சேர்ந்த நைட்ரஜன் மேல வரும்போது பப்புளாகி பண்ற கோளாறு) எடுத்துக்கணும், டைவிங் மருத்துவத்துல நாங்க பழகியிருக்குற வழக்கம் அதுதான். நீங்க அதை ஹேங்ஓவர்னு எடுத்துக்கிட்டீங்க. உங்க மேல தப்பு சொல்ல மாட்டேன், ஏன்னா உங்க இடத்துல யார் இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கிட்டிருப்பாங்க, என் கவலையே அதுதான். சரக்கு போய் ரத்தத்துல பப்புள் உண்டாக்குதாங்கறதை விட, பப்புள் உண்டானப்ப அதை கண்டுபிடிக்க விடாம பண்ணிடுதுங்கறதுதான் எனக்கு பெரிய விஷயமா தெரியுது.

இதை நீங்க நம்பணும்னா தண்ணிக்குள்ள என்ன நடந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லியாகணும். கோர்ஸ்ல படிச்சிருப்பீங்க, ஆனா பரீட்சை முடிஞ்ச மறுநாளே மறந்துபோற பகுதி இது. கடல்ல ஒவ்வொரு 10 மீட்டர் எறங்கும்போதும் ஒரு அட்மாஸ்ஃபியர் அழுத்தம் கூடும், 18 மீட்டர்ல மொத்தம் 2.8. சிலிண்டர்ல இருக்குறது சாதாரண காத்துதான், அதுல 78 சதவீதம் நைட்ரஜன், மேல இருக்குறப்ப அது நமக்கு எதுவும் பண்ணாது, கீழ போனதும் அழுத்தத்துக்கு ஏத்தபடி ரத்தத்துலயும் தசையிலயும் கொழுப்புலயும் கரைஞ்சு சேரும். மேல வரும்போது அது வெளிய போகணும். ரத்த ஓட்டம் நல்லா இருக்குற இடத்துல சட்டுனு போயிடும், கொழுப்பு, மூட்டு மாதிரி இடங்கள்ல மெதுவாத்தான் போகும். பெரிய கல்யாணத்துல முகூர்த்தம் முடிஞ்சதும் மண்டபத்துல இருந்து ஜனம் வெளிய வர்றதைப் பாத்திருப்பீங்களே, வாசப்பக்கம் நின்னவங்க அஞ்சு நிமிஷத்துல கார்ல ஏறிடுவாங்க, மாடி பந்தியில மாட்டினவங்க ஒரு மணி நேரம் கழிச்சும் படியில நின்னுட்டு இருப்பாங்க, அந்த மாதிரி.

1908ல ஹால்டேன்னு ஒரு பிரிட்டிஷ் விஞ்ஞானியும் அவரோட சேர்ந்தவங்களும் ஆடுகளை வச்சு சோதனை பண்ணி மொத டிகம்ப்ரெஷன் அட்டவணையை போட்டாங்க. உடம்போட பல பகுதிகள் பல வேகத்துல நைட்ரஜனை விடும்னு வச்சு அஞ்சு நிமிஷம் தொடங்கி 75 நிமிஷம் வரைக்கும் அரை ஆயுள், அதாவது இருக்குறதுல பாதி வெளிய போக ஆகுற நேரம், கொடுத்து கணக்கு போட்டார். இன்னைக்கு நீங்க கையில கட்டியிருந்த டைவ் கம்ப்யூட்டர்ல நிறைய மாடலுக்கு பியூல்மான்னு ஒரு சுவிஸ் டாக்டரோட கணக்குதான் அடிப்படை, அதுல 16 பகுதி, கடைசி பகுதியோட அரை ஆயுள் 635 நிமிஷம், அதாவது பத்தரை மணி நேரத்துக்கு மேல. இதுலருந்து நீங்க எடுத்துக்க வேண்டியது ஒண்ணுதான்: மேல வந்து பிசிடியை (டேங்க் மாட்டியிருக்குற காத்தடிச்ச ஜாக்கெட்) கழட்டினதும் டைவ் முடிஞ்சதா நாம நெனைக்கிறோம், உடம்புக்கு இன்னும் முடியல. மூணு நாள் தொடர்ந்து ஆறு டைவ் போட்ட உடம்புல மெதுவான பகுதிகள் எல்லாம் இன்னும் கொஞ்சம் கூடுதலா ஏறித்தான் இருக்கும்.

இன்னொண்ணு பலருக்கு தெரியாது. எல்லா விதியும் ஒழுங்கா கடைப்பிடிச்சு, அஞ்சு மீட்டர்ல மூணு நிமிஷம் சேஃப்டி ஸ்டாப்பும் போட்டு மேல வந்தவங்க நெஞ்சுல டாப்ளர்ங்கற ஸ்கேன் கருவியை வச்சு கேட்டாலே நிறைய பேருக்கு சிரை ரத்தத்துல (இதயத்துக்கு திரும்பி வர்ற ரத்தம்) பப்புள் ஓடுற சத்தம் கேக்கும். அது நோய் இல்ல. நுரையீரல் அதை வடிகட்டி வெளிய விட்டுடும், ஆளுக்கு எதுவும் தெரியவே தெரியாது. பொதுவா அந்த பப்புள் மேல வந்து மொத ரெண்டு மணி நேரத்துக்குள்ளதான் உச்சத்துல இருக்கும். நீங்க பதினொன்றரைக்கு மேல வந்திருக்கீங்க, மொத பீர் பன்னெண்டரைக்கு. நேரம் பாத்து ஆரம்பிச்ச மாதிரி இருக்கு!

சரி, பீர் தண்ணிதானேன்னு சொன்ன இன்ஸ்ட்ரக்டர் விஷயத்துக்கு வர்றேன். தண்ணிக்குள்ள இருக்கும்போது கால்ல இருக்குற ரத்தம் அழுத்தத்தால நெஞ்சுப்பக்கம் ஏறும், இதயம் "அடடா ரத்தம் ஜாஸ்தியா இருக்கே"ன்னு தப்பா புரிஞ்சுக்கிட்டு கிட்னிக்கு வெளிய தள்ளச் சொல்லும், அதனாலதான் வெட்சூட் போட்ட பத்தாவது நிமிஷம் எல்லாருக்கும் மூத்திரம் முட்டுது, யாரும் வெளிய சொல்றதில்ல அவ்வளவுதான். அதுக்கு மேல சிலிண்டர் காத்து வறண்ட காத்து, ஈரத்தை எடுத்துட்டுத்தான் அடைப்பாங்க, ஒவ்வொரு மூச்சுக்கும் நம்ம ஈரம் போகும். படகுல வெயில், வெட்சூட்டுக்குள்ள வேர்வை, சிலருக்கு வாந்தி வேற. ஆக கரைக்கு வரும்போதே உடம்புல தண்ணி கம்மி. இதுக்கு மேல ஆல்கஹால் போனா, மூத்திரத்தை கட்டுப்படுத்துற ஹார்மோன் ஒண்ணு மூளையில சுரக்குதே அதை அது அடக்கிடும், குடிச்சதை விட ஜாஸ்தி வெளிய போகும். பீர்ல தண்ணி இருக்கு, உண்மைதான், ஒரு சின்ன மக்ல பெரிசா ஒண்ணும் கெட்டுப்போகாது, ஆனா மத்தியானத்துல ஆரம்பிச்சு ராத்திரி ரம்ல முடியுற கணக்குல அந்த வாதம் எடுபடாது. ரத்தத்துல தண்ணி கொறைஞ்சா அதோட அளவு சுருங்கும், திசுக்கள்ல இருந்து நைட்ரஜனை நுரையீரலுக்கு கொண்டு போற வண்டியே மெதுவாயிடும், அதனாலதான் டைவிங் டாக்டர்கள் எல்லாரும் தண்ணி குடிங்க தண்ணி குடிங்கன்னு நச்சரிக்கிறோம்.

இங்க ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லிடணும், ஏன்னா சில பேர் பயமுறுத்தறதுக்காக "டைவ் முடிஞ்சு ஒரு பெக் போட்டா பெண்ட்ஸ் கன்ஃபர்ம்"னு பேசறாங்க. அப்படி யாரும் நிரூபிச்சதில்ல. நூறு பேரை டைவ் அடிக்க வச்சு பாதி பேருக்கு விஸ்கி ஊத்தி யாருக்கு பெண்ட்ஸ் வருதுன்னு பாக்குற ஆராய்ச்சிக்கு எந்த எதிக்ஸ் கமிட்டி கையெழுத்து போடும் சொல்லுங்க. பொழுதுபோக்கு டைவிங்ல டிசிஎஸ்ஸே அபூர்வம், பத்தாயிரம் டைவுக்கு ஏதோ சில கேஸ்தான், அதனால உங்க இன்ஸ்ட்ரக்டர் வருஷக்கணக்கா தினமும் டைவ் முடிச்சு குடிச்சுட்டு "எனக்கு ஒண்ணும் ஆகலையே"ன்னு சொன்னா அவர் பொய் சொல்லல. ஹெல்மெட் போடாம பத்து வருஷம் வண்டி ஓட்டினவர் சொல்றதும் பொய் இல்லையே.

ஆனாலும் இந்த எச்சரிக்கை ஸ்கூபா வர்றதுக்கு முன்னாடியே இருந்திருக்கு. நியூயார்க்ல ப்ரூக்ளின் பாலம் கட்டினப்ப ஆத்துக்கு அடியில அழுத்தக் காத்து அடைச்ச பெரிய பெட்டிக்குள்ள, அதுக்கு கெய்சன்னு பேரு, தொழிலாளிங்க எறங்கி மண் தோண்டினாங்க, வெளிய வந்ததும் மூட்டு வலியில சுருண்டு விழுந்தாங்க, சிலர் செத்தே போனாங்க. பாலத்தோட சீஃப் இன்ஜினியர் வாஷிங்டன் ரோப்ளிங்குக்கே 1872ல அது வந்து ஆள் படுத்தவர் படுத்தவர்தான், அப்புறம் வீட்டு ஜன்னல்ல இருந்து பாத்துக்கிட்டே வேலையை நடத்தினார், அவர் மனைவி எமிலிதான் தெனமும் சைட்டுக்கு போய் வந்தாங்க. அங்க கம்பெனி டாக்டரா இருந்த ஆண்ட்ரூ ஸ்மித் தொழிலாளிங்களுக்கு ஒரு விதிப்பட்டியல் போட்டு ஒட்டினார், வெறும் வயித்துல எறங்காத, நல்லா தூங்குங்கற மாதிரி விதிகளோட, சரக்கை கொறைச்சுக்கோ, தொடாமலே இருந்தா இன்னும் நல்லதுன்னு ஒண்ணு. நைட்ரஜன் கணக்கு எதுவும் கையில இல்லாத காலத்துலயே அந்த மனுஷனுக்கு அது தோணியிருக்கு. தொழிலாளிங்க எத்தனை பேர் கேட்டாங்களோ.

இப்ப நான் பெரிய விஷயம்னு சொன்னதுக்கு வர்றேன். டிசிஎஸ் எப்படி எல்லாம் வெளிய தெரியும்னு பாருங்க: காரணமில்லாத அசதி, தலைவலி, குமட்டல், தலைசுத்தல், தள்ளாட்டம், கை கால் மரமரப்பு, தோள் முழங்கை முட்டியில வலி, தோல்ல அரிப்பு, மார்பிள் மாதிரி நீலச்சிவப்பு திட்டு, பேச்சு கொழறல், ஆள் வழக்கமா இருக்குற மாதிரி இல்லாம இருக்கறது, மூத்திரம் போக முடியாம இருக்கறது. அந்த மார்பிள் திட்டையும் கடைசி ரெண்டு மூணையும் விட்டுட்டு மீதியை திரும்ப படிச்சுப் பாருங்க, நேத்து ராத்திரி நல்லா குடிச்ச எவனுக்கும் காலையில இருக்குறதுதானே. கை மரமரத்தா "கையை மடக்கி படுத்திருப்பேன்"பீங்க. தோள் வலிச்சா டேங்க் தூக்கினது. அரிப்புன்னா ஹேவ்லாக்ல மணல் ஈ கடின்னு ஒரு ரெடிமேட் காரணம் இருக்கவே இருக்கு. தள்ளாடினா ஃப்ரெண்ட்ஸ் சிரிச்சுக்கிட்டே வீடியோ எடுப்பாங்க.

ஆளே உணராம போறது ஒரு பக்கம். டாக்டர் கையிலயும் அதே கதைதான். நரம்பு பாதிப்பு இருக்கான்னு பாக்க நாங்க என்ன பண்ணுவோம், கண்ணை மூடி நிக்கச் சொல்வோம், குதிகாலும் விரலும் ஒட்டி ஒரே கோட்டுல நடக்கச் சொல்வோம், விரலால மூக்கைத் தொடச் சொல்வோம், நாள் கிழமை கேப்போம். ராத்திரி வண்டியை நிறுத்தி போலீஸ் சில ஊர்ல பண்ற சோதனையும் கிட்டத்தட்ட இதேதான். நாலு பெக் போட்டவன் இதுல எல்லாத்துலயும் ஃபெயில் ஆவான், அது ரம்மா பப்புளான்னு எப்படி பிரிக்கறது? ரத்தத்துல ஆல்கஹால் எறங்குறதுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு பெக் கணக்குல நேரம் ஆகும், அதுவரைக்கும் காத்திருந்து பாப்போம்னா அங்கதான் நேரம் போகுது. இந்த நோய்ல ஆக்சிஜனும் சேம்பரும் (ஆளை திரும்ப அழுத்தத்துக்குள்ள வைக்கிற மூடின அறை) எவ்வளவு சீக்கிரம் கெடைக்குதோ அவ்வளவு நல்லது. குடிக்காதவங்களே "இது அதுவா இருக்காது"ன்னு மறுத்து மறுத்து ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சுத்தான் வருவாங்க, அது டைவர்களோட பொதுவான கொணம், குடிச்சவங்களுக்கு மறுக்கறதுக்கு நல்ல சாக்கும் கெடைச்சுடுது. அப்புறம் போதையில வர்ற தூக்கம் இருக்கே, எட்டு மணி நேரம் அசையாம கெடப்பாங்க, அதுக்குள்ள காலு பலமிழந்தா யாருக்கு தெரியும், காலையில எழுந்திருக்கும்போதுதான் தெரியும்.

எந்த நேரத்துக்குள்ள அறிகுறி வரும்ங்கறதுக்கு அமெரிக்க நேவி டைவிங் மேனுவல்ல ஒரு கணக்கு இருக்கு, பல வருஷமா நாங்க எல்லாரும் எடுத்துக்கிற கணக்கு: மேல வந்து ஒரு மணி நேரத்துக்குள்ள 42 சதவீதம் பேருக்கு, மூணு மணி நேரத்துக்குள்ள 60, எட்டு மணி நேரத்துக்குள்ள 83, 24 மணி நேரத்துக்குள்ள 98. உங்க ரெண்டாவது கேள்விக்கு என்னோட பதில் இந்த கணக்குல இருந்துதான் வருது. "இத்தனை மணி நேரம்"னு அச்சடிச்ச விதி எதையும் நான் காட்டல, இது என் தீர்ப்பு. மொத மூணு மணி நேரம் ஒரு சொட்டு கூட வேண்டாம், அது அறிகுறி வர்ற நேரம், பப்புளும் உச்சத்துல இருக்கும், உங்க தலை தெளிவா இருக்கணும். அந்த நேரத்துல சாப்பிடுங்க, தண்ணி, மோர், இளநீர் எதுவோ குடிங்க, மூத்திரம் வெளிர் நிறத்துக்கு வரட்டும், நிழல்ல உக்காருங்க. காலையில டைவ் முடிஞ்சுதுன்னா ராத்திரி சாப்பாட்டோட ஒண்ணு, ரொம்ப போனா ரெண்டு, அப்பவும் உடம்புல வலி மரமரப்பு எதுவும் இல்லைன்னு நிதானமா பாத்துட்டு. மறுநாளும் டைவ் இருந்தா அதோட கிளாஸை கவுத்து வச்சுடுங்க. நல்லா குடிச்சு கொண்டாடணும்னா கடைசி டைவுக்கு மறுநாள் சாயங்காலம் வரைக்கும் பொறுங்க, 24 மணி நேரம் தாண்டிடும். அஞ்சு நாள் ட்ரிப்ல ஒரு நாள், அவ்வளவுதானே. குரூப்ல ஒருத்தராவது குடிக்காம இருந்தா ரொம்ப நல்லது, ஆனா நாலு ஃப்ரெண்ட்ஸ் பீச்சுக்கு போற எடத்துல அது நடக்குமான்னு எனக்கு நம்பிக்கை இல்ல.

கூடவே, குடிச்சுட்டு பீச்ல வாலிபால், மணல்ல குஸ்தி, சிலிண்டர் தூக்குற பந்தயம், இதெல்லாம் அன்னைக்கு வேண்டாம். டைவ் முடிஞ்ச உடனே பலமா முக்கி வேலை செஞ்சா பப்புள் நுரையீரலோட வடிகட்டியை தாண்டி அந்தப்பக்கம் போற வாய்ப்பு கூடும். சுடுதண்ணி குளியலும் உடனே வேண்டாம்.

டைவுக்கு முந்தின ராத்திரி குடிக்கிறதை பத்தி நீங்க கேக்கல, ஆனா இன்ஸ்ட்ரக்டர் கூட உக்காந்தார்னு எழுதியிருக்கீங்க, அவருக்கு மறுநாள் காலையில வேற யாரோ ஸ்டூடண்ட்ஸ் இருந்திருப்பாங்களே, அதான் எனக்கு உறுத்துது. நைட்ரஜனுக்கே ஆழத்துல போதை உண்டு, 30 மீட்டர் பக்கம் போனா நிறைய பேருக்கு தெரிய ஆரம்பிக்கும், டைவர்கள் அதை விளையாட்டா மார்ட்டினி கணக்குலதான் சொல்வாங்க, 10 மீட்டருக்கு ஒரு மார்ட்டினின்னு. ராத்திரி போட்டது உடம்புல பாதி இருக்கும்போது அதுக்கு மேல இதையும் ஏத்திக்கிட்டு, அலையில ஆடுற படகுல குமட்டலோட, உங்களை மாதிரி புதுசா வந்தவங்களை பாத்துக்கற வேலை. தாய்லாந்துல உங்க டைவ் மாஸ்டர் காலையில சரக்கு வாசனையோட வந்தா அன்னைக்கு அந்தாளோட எறங்காதீங்க. பணம் போனா போகட்டும், கேக்கறதுக்கு கூச்சப்படாதீங்க.

அன்னைக்கு காலையில என்ன பண்ணியிருக்கணும்னு சொல்றேன், திட்டறதுக்காக இல்ல, அடுத்த தடவை உங்களுக்கோ உங்க கூட வர்றவங்களுக்கோ ஆனா தெரிஞ்சிருக்கணும்ங்கறதுக்காக. வலியும் மரமரப்பும் சேர்ந்து இருந்த அந்த நேரத்துல டைவ் சென்டருக்கு போன் பண்ணியிருக்கணும். ஒழுங்கான சென்டர்ல எல்லாம் எமர்ஜென்சி ஆக்சிஜன் கிட் இருக்கும், மாஸ்க் வச்சு 100 சதவீத ஆக்சிஜன், ஆளை படுக்க வச்சு, நினைவு இருந்தா வாய் வழியா தண்ணி கொஞ்சம் கொஞ்சமா. ஆக்சிஜன்ல வலி கொறைஞ்சுதுன்னா "சரியாயிடுச்சு"ன்னு மாஸ்க்கை கழட்டிட்டு போயிடக்கூடாது, அது டிசிஎஸ்தான்ங்கறதுக்கு இன்னொரு சாட்சி அது. அடுத்து டேன்னு சொல்ற டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க், 1980ல அமெரிக்காவுல டியூக் யூனிவர்சிட்டியில ஆரம்பிச்சது, அவங்க எமர்ஜென்சி லைன்ல டைவிங் டாக்டர் பேசுவார், ட்ரிப் கெளம்பும்போதே அந்த நம்பரை போன்ல போட்டு வச்சுக்கோங்க. அந்தமான்ல போர்ட் பிளேர் நேவி ஆஸ்பத்திரி பக்கம் போகணும், ரீகம்ப்ரெஷன் சேம்பர் வசதி நம்ம நாட்ல பெரும்பாலும் நேவி கையிலதான் இருக்கு, மும்பையில ஐஎன்எச்எஸ் அஸ்வினி இதுக்கு பேர் போனது. போன் பண்ணி உறுதி பண்ணிட்டு போங்க, தெருவுக்கு தெரு ஸ்பா மாதிரி "ஹைபர்பாரிக்"னு போர்டு வச்சிருக்கறதை எல்லாம் நம்பிட்டு போகாதீங்க, காத்தடிச்ச துணிப்பை மாதிரி இருக்குற சேம்பர்ல இந்த நோய்க்கு வேண்டிய அழுத்தம் வராது.

சேம்பர்ல என்ன பண்ணுவாங்கன்னா, வழக்கமா அமெரிக்க நேவியோட டேபிள் சிக்ஸ்னு ஒரு முறை, உங்களை திரும்ப 18 மீட்டர் ஆழத்துக்கு சமமான அழுத்தத்துக்கு கொண்டு போய், ஆக்சிஜன் கொடுத்து, நடுநடுவுல சாதா காத்து இடைவெளி விட்டு, மெதுவா மேல கொண்டு வருவாங்க, மொத்தம் 4 மணி 45 நிமிஷம். பப்புள் சுருங்கும், நைட்ரஜன் வெளிய போகும், வீங்கின திசுவுக்கு ஆக்சிஜன் போகும். சில பேர் "அப்ப நானே திரும்ப டேங்க் மாட்டிட்டு கடல்ல எறங்கிட்டா?"ன்னு கேப்பாங்க. வேண்டவே வேண்டாம். சாதா காத்தோட எறங்கினா இன்னும் நைட்ரஜன்தான் ஏறும், போதை தெளியாத ஆளு, கை மரத்துப்போன ஆளு, தண்ணிக்குள்ள மயங்கினா கதை முடிஞ்சுது. ஸ்கூபா கோர்ஸ், கம்ப்யூட்டர், ஆக்சிஜன் கிட் எதுவும் இல்லாம கம்ப்ரசர் ஓஸ், சிலிண்டர் வச்சு சங்கு, கடலட்டை எடுக்கப் போறவங்க இலங்கை பக்கம் நிறைய பேர் இருக்காங்க, அவங்கள்ல கால் விழுந்து போனவங்களை பத்தி டாக்டர்கள் எழுதியிருக்காங்க. பழைய காலத்துல மூச்சடக்கி முத்துக்குளிச்சவங்களுக்கு இது பொதுவா வராது, ஒரே ஒரு மூச்சு காத்துல ஏறக்கூடிய நைட்ரஜன் கொஞ்சம்தான். அழுத்தக் காத்தை கீழயே சுவாசிக்க ஆரம்பிச்சப்புறம் வந்த வியாதி இது.

ஃப்ளைட் விஷயத்துல நீங்க விதியை மீறல, அதை சொல்லிடறேன். பல நாள் பல டைவ் அடிச்சவங்க 18 மணி நேரம், ஒரே ஒரு டைவ்னா 12 மணி நேரம் காத்திருக்கணும்னு டேன் சொல்றாங்க, நீங்க பதினொன்றரைக்கு முடிச்சு மறுநாள் ரெண்டரைக்கு பறந்திருக்கீங்க, 27 மணி நேரம். ஆனா அந்த 18 மணி நேரம் உடம்புல எந்த அறிகுறியும் இல்லாதவங்களுக்கு. ப்ளேனுக்குள்ள அழுத்தம் 8000 அடி மலையில நிக்கற அளவுக்கு எறங்கலாம், ஊட்டியை விட ஒசரம் அது. அழுத்தம் கொறைஞ்சா இருக்குற பப்புள் பெருசாகும். ஃப்ளைட்ல வலி கூடின மாதிரி இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதியிருக்கீங்களே, எனக்கு சந்தேகத்தை கூட்டினதே அந்த வரிதான், ஹேங்ஓவர் ப்ளேன் ஏறினா தோள்ல கூடாது. வலி மாத்திரை போட்டுட்டீங்க, அதனால எவ்வளவு வலிச்சிருக்கும்னு கூட சரியா தெரியாம போச்சு.

கோ தாவ் பத்தி. இப்போதைக்கு டிக்கெட்டை கேன்சல் பண்ண வேண்டாம், டைவை மட்டும் நிறுத்தி வைங்க. மொதல்ல ஒரு டைவிங் மருத்துவம் தெரிஞ்ச டாக்டரை நேர்ல பாருங்க, லாக்புக்கை எடுத்துட்டு போங்க, கம்ப்யூட்டர் உங்களோடதுன்னா டைவ் ப்ரொஃபைலையும் காட்டுங்க, எவ்வளவு வேகமா மேல வந்தீங்கன்னு அதுல தெரியும். நரம்பு பரிசோதனை முழுசா பண்ணச் சொல்லுங்க, "இப்ப ஒண்ணுமில்ல"ங்கறது நீங்க சொல்றது, தொட்டுப் பாத்தா விரல் நுனியில உணர்ச்சி கொஞ்சம் கம்மியா இருக்கறது உங்களுக்கே தெரியாம இருக்கலாம். டைவ் மெடிக்கல் ஃபார்ம்ல "முன்னாடி டிகம்ப்ரெஷன் சிக்னஸ் வந்திருக்கா"ன்னு கேட்டா கண்ணை மூடிட்டு இல்லைன்னு டிக் அடிச்சுடாதீங்க, நிறைய பேர் அதை பண்றாங்க. இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது டைவிங் கவர் ஆகுதான்னு பாருங்க, அப்படியே போதை பத்தின வரியையும் படிங்க, பல பாலிசியில குடிச்சிருந்தா க்ளெய்ம் கெடையாதுன்னு இருக்கும், சேம்பர் பில் கையில இருந்து கட்டினா வலிக்கும்.

நான் உங்களுக்கு இன்னொரு டெஸ்ட்டும் எழுதுவேன். நாலு பேருக்கு ஒருத்தருக்கு இதயத்தோட மேல் ரெண்டு அறைக்கு நடுவுல, தாய் வயித்துல இருந்தப்ப திறந்திருந்த ஒரு சின்ன ஓட்டை முழுசா மூடாம இருக்கும், பிஎஃப்ஓன்னு சொல்வோம். சாதாரண வாழ்க்கையில அதனால ஒரு தொந்தரவும் வராது, ஆனா டைவ் முடிஞ்சு பப்புள் ஓடுற நேரத்துல, முக்கினா, இருமினா, குடிச்சுட்டு குனிஞ்சு வாந்தி எடுத்தா கூட, அந்த வழியா பப்புள் நுரையீரலை தாண்டாம நேரா மூளைக்கோ தண்டுவடத்துக்கோ போற பக்கத்துக்கு வந்துடலாம். நரம்பு அறிகுறி வந்த டைவருக்கு இது இருக்கான்னு பாக்கறது நல்லது. இருந்தா டைவிங்கே கூடாதுன்னு அர்த்தமில்ல, ஆழத்தை கொறைச்சு, நேரத்தை கொறைச்சு, ஒரு நாளைக்கு ஒரு டைவ்னு போறவங்க இருக்காங்க. கார்டியாலஜிஸ்ட் கிட்ட போகும்போது வெறும் எக்கோன்னு கேட்டுட்டு வந்துடாதீங்க, கையில ஊசி வழியா குலுக்கின சலைன் ஏத்தி, மூச்சை பிடிச்சு முக்கச் சொல்லி பாக்குற பப்புள் எக்கோ வேணும்னு கேளுங்க, டைவிங் பண்றவர்னு சீட்டுலயே எழுதச் சொல்லுங்க. ரிப்போர்ட் வந்ததும் எனக்கு அனுப்புங்க, சாதா எக்கோ ரிப்போர்ட்ல "நார்மல்"னு இருந்தா மட்டும் அதை வச்சு டிசம்பருக்கு ஓகே சொல்ல மாட்டேன்.